ராக் மேடையில் டிரம்ஸ்: கூட நிற்பவர்களுக்காக வாசிப்பது

வீட்டிலும் பேண்டு ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமிலும் பிரமாதமாக வாசிக்கும் பிள்ளைகள் மேடை ஏறியதும் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கை வேகத்தில் குறை இருக்காது. ஜாம் ரூமில் நான்கு சுவருக்குள் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். மேடையில் அப்படிக் கிடையாது. பாடகர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், கிட்டார்காரர் தன் ஆம்ப் ஸ்பீக்கர் பக்கமே சாய்ந்திருப்பார், பேஸ் வாசிப்பவர் எங்கோ ஓரத்தில் இருப்பார். இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து இறங்க வேண்டுமென்றால், அவர்கள் பிடித்துக்கொள்ள இருப்பது டிரம்ஸ் ஒன்றுதான். எதிரே ஆயிரம் பேர் இருந்தாலும் நீங்கள் முதலில் வாசிப்பது இந்த மூன்று பேருக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் எதைப் பையில் எடுத்துப் போவது, எங்கே உட்காருவது, பாட்டைத் தொடங்க எப்படிக் கவுண்ட் கொடுப்பது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும்.

நான் சென்னையில் கல்லூரிக் காலத்திலிருந்து ராக் பேண்டுகளில் வாசித்து வருகிறேன். கல்ச்சுரல்ஸ் போட்டிகளுக்காகச் சேர்ந்த ஒரு கவர் பேண்டு, அப்புறம் மூன்றே பேர் கொண்ட ஒரு ஹார்டு ராக் பேண்டு, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் வாரக் கடைசியில் வாசித்த ஒரு பேண்டு, கடைசியாகத் தமிழில் சொந்தப் பாட்டு எழுதிய ஒரு பேண்டு. எல்லாமே கலைந்துவிட்டன. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. ஆனால் ஒவ்வொரு பேண்டும் மேடையைப் பற்றி ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனது. முதல் ஷோவுக்குத் தயாராகும் ஒரு டிரம்மருக்காக அவற்றை எழுதுகிறேன். ரூடிமென்ட் என்கிற அடிப்படைக் கைப் பயிற்சியெல்லாம் இதில் வராது. அதற்கு உங்கள் மாஸ்டர் இருக்கிறார்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஐஐடி மெட்ராஸின் சாரங் ஆகட்டும், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் ஆகட்டும், ஊருக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி விழா ஆகட்டும், வருகிற எல்லா பேண்டுக்கும் மேடையில் ஒரே டிரம்ஸ் கிட்தான் இருக்கும். வாடகைக்கு வந்த கிட். உங்களுக்கு முன்னால் அதில் யார் யாரோ வாசித்திருப்பார்கள். ஷெல்லையும் (டிரம்மின் கூடு) ஸ்டாண்டுகளையும் நம்பலாம். மற்றதை நம்பிப் போகாதீர்கள்.

சொந்தமாக வாங்கக் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் பெடல் வாங்குங்கள். சிம்பல்தான் (உலோகத் தட்டுகள்) முதலில் என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலுக்குப் பழகிய ஸ்பிரிங் இறுக்கம் மாறிப்போனால் கிக், அதாவது பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம், முன்னே பின்னே விழும். கிக் முன்னே பின்னே விழுந்தால் பேஸ்காரர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். பெடலுக்கு அடுத்தது ஸ்னேர், கால்களுக்கு நடுவில் இருக்கும், அடியில் ஒயர் கட்டிய டிரம். பாட்டின் முகமே அதுதான். சிம்பல் கடைசி. வாடகை சிம்பல் மட்டமாக இருந்தாலும் கூட இருப்பவர்களுக்கு அதனால் தாளம் கெடாது.

இரண்டு காலாலும் கிக் அடிக்க உதவும் டபுள் பெடல் முதல் ஷோவுக்கு வேண்டாம். 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் வாசித்தபோது நாங்கள் ஒரு கூட்டமாகப் போயிருந்தோம். டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் அத்தனை டாம் டிரம்களுக்குப் பின்னால் சரியாகக் கண்ணிலேயே படவில்லை. ஆனால் கால் கேட்டது. மற்றவர்கள் இரண்டு காலால் வாசிக்கும் ஓட்டத்தை ஒற்றைப் பெடலில் வாசிப்பதற்குப் பேர்போன மனிதர் அவர். அன்றைக்கு மறுநாளே எங்கள் ஜாம் ரூமில் டபுள் பெடல் பேச்சு ஓய்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு சின்ன டப்பா. என்னுடையது பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதில் டிரம் கீ இரண்டு, விங் நட் ஒரு கைப்பிடி, ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) கிளட்ச் ஒன்று, ஸ்னேர் ஒயரைக் கட்டும் நைலான் கயிறு, கொஞ்சம் சைக்கிள் டியூப், கேஃபர் டேப். கிளட்ச் ரொம்ப முக்கியம். வாடகை ஹை-ஹேட் ஸ்டாண்டில் அது மட்டும் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் மேல் சிம்பலை மாட்டவே முடியாது.

சிம்பலுக்கு மேலும் கீழும் போடும் ஃபெல்ட் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டால் போதும். ஸ்டாண்டின் கம்பிக்கு மேல் மாட்டும் ஸ்லீவுக்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும் காற்றுக் குழாயில் ஒரு துண்டு வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்லீவ் இல்லாத கம்பியில் சிம்பலை மாட்டி ஒரு மாலை முழுக்க அடித்தால் நடு ஓட்டையை இரும்பு தின்னும். ஓட்டை வட்டம் போய் நீளமாகும், அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பல ஆயிரம் ரூபாய் சிம்பலைக் காப்பாற்றுவது இந்த ஒரு இஞ்ச் குழாய்.

ஸ்டிக் குறைந்தது மூன்று ஜோடி. நான் 5பி பிடிப்பேன், 5ஏ-வை விடக் கொஞ்சம் தடிமன். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்குப் போனால் வாங்குவதற்கு முன் கண்ணாடிக் கவுண்டர் மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்த ஸ்டிக் துள்ளும், நேரானது ஒழுங்காக ஓடும்.

சுருதி சேர்ப்பது

பறை வாசிப்பவர்கள் கச்சேரிக்கு முன் தோலை நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும். டிரம்ஸும் ஒரு காலத்தில் கன்றுத்தோல்தான். 1950-களின் பிற்பாதியில் பாலியெஸ்டர் ஹெட் (டிரம்மின் தோல்) வந்த பிறகு அந்தக் கவலை விட்டது. எனவே சென்னைக் கடற்காற்றைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தோலையும் வளையத்தையும் சேர்த்து அடிக்கும் உங்கள் ரிம்ஷாட்டைப் பார்த்துத்தான். ஸ்டிக் வளையத்தில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லக் (தோலை இறுக்கும் திருகு) ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மூன்றாவது பாட்டில் ஸ்னேர் தொளதொளவென்று கேட்க ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு லக்தான். பாட்டுக்கு இடையில் கை வைத்துப் பாருங்கள், கால் சுற்று இறுக்குங்கள். மற்ற லக்குகளைத் தொடாதீர்கள்.

வாடகை கிட்டில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். டாம்களை அழகாகச் சுருதி சேர்க்க அது போதாது. சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். ஸ்னேரையும் கிக்கையும் மட்டும் கவனியுங்கள். கிக்குக்குள் தலையணையை அடைத்து வைத்திருப்பார்கள். பாதியை வெளியே எடுங்கள். லெட் ஸெப்பெலினின் ஜான் போனம் வாசித்தது 26 இஞ்ச் கிக். மேடையில் உங்களுக்குக் கிடைப்பது 22 இஞ்ச், அதுவும் பஞ்சு அடைத்தது. காலால் மிதித்து மிதித்து அந்தச் சத்தத்தை வரவழைக்க முடியாது. உள்ளே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டால் கிக் தானே பேசும். ஒரு மெல்லிய போர்வை இரண்டு ஹெட்டையும் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

உட்காரும் இடம்

முந்தைய பேண்டு இறங்கி நீங்கள் ஏறும்போது மேடை சந்தை மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் த்ரோன் (டிரம்மரின் ஸ்டூல்), அப்புறம் பெடல், ஸ்னேர், ஹை-ஹேட். இந்த நான்கும் சரியாக இருந்தால் எந்தப் பாட்டையும் வாசித்துவிடலாம். டாமும் கிராஷ் சிம்பலும் நேரம் இருந்தால். தொடை முட்டியை நோக்கிச் சற்றே கீழே சரிந்திருக்கிற உயரம்தான் த்ரோனுக்குச் சரியான உயரம். வீட்டில் அந்த உயரத்தை அளந்து ஒரு ஸ்டிக்கில் டேப் ஒட்டிக் குறித்து வைத்துக்கொண்டால், மேடையில் ஸ்டிக்கைத் தரையில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

கிக் முன்னால் நகர்வதுதான் நம் ஊர் மேடைகளில் பெரிய தொல்லை. பலகை மேல் பிளாஸ்டிக் ஷீட், இல்லாவிட்டால் வழுக்கும் பச்சைக் கார்ப்பெட். கிக்கின் முன்கால்களான ஸ்பர் எதிலும் குத்தி நிற்காது. இரண்டு பாட்டில் கிக் ஒரு அடி தள்ளிப் போய்விடும், நீங்கள் காலை நீட்டி நீட்டி வாசிப்பீர்கள். செங்கல் வைப்பார்கள், செங்கலும் சேர்ந்து நகரும். எங்கள் கல்லூரி பேண்டு காலத்தில் ஒரு சீனியர் டிரம்மர் அண்ணன் காட்டிய வழியைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். ஐந்தாறு அடி நைலான் கயிறு எடுத்து, கிக்கின் இடது ஸ்பரில் ஒரு முனையைக் கட்டுங்கள். கயிற்றைத் தரையோடு பின்னால் கொண்டுவந்து த்ரோனின் காலைச் சுற்றி, வலது ஸ்பரில் மறுமுனையைக் கட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. இப்போது உங்கள் உடம்பின் எடை முழுக்க த்ரோன் மேல், த்ரோன் கயிற்றைப் பிடித்திருக்கிறது, கயிறு கிக்கைப் பிடித்திருக்கிறது. கிக் நகர வேண்டுமென்றால் உங்களையும் சேர்த்து இழுக்க வேண்டும். பெடல் கிக்கின் வளையத்தைக் கவ்வும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் பெடலும் வழுக்காது.

பேஸ் வாசிப்பவரை ஹை-ஹேட் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து அவருக்கு உங்கள் இடது கையும் கிக் காலும் முகமும் தெரியும். ஃப்ளோர் டாம் பக்கம் நின்றால் சிம்பல்தான் தெரியும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். போட்டோவுக்காக யார் எங்கே நிற்பது என்று பேச்சு வந்தால்கூட.

சவுண்ட் செக்

கல்லூரி விழாக்களுக்கு வரும் சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கள் பெரும்பாலும் மெல்லிசைக் கச்சேரி செய்து பழகியவர்கள். பாட்டுக் குரல் முன்னால், தாளம் அதற்குப் பின்னால் என்பது அவர்கள் காதுக்குப் பழகிய கணக்கு. ராக்குக்குக் கிக்கும் ஸ்னேரும் குரலோடு தோளுக்குத் தோள் நிற்க வேண்டும். இதை அதிகாரமாகச் சொன்னால் நடக்காது. ஏறுவதற்கு முன்னாலேயே போய், “அண்ணே, எங்க பாட்டுல கிக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கணும், பாத்துக்குங்க” என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. மரியாதையாகக் கேட்டு யாரும் செய்யாமல் இருந்ததில்லை.

அவர் “கிக்” என்றால் கிக்கை மட்டும் அடியுங்கள். ஒரே சீராக, ஷோவில் அடிக்கப்போகும் அதே பலத்தில், அவர் போதும் என்கிற வரை. சவுண்ட் செக்கில் தனி ஆவர்த்தனம் வாசித்தால் அவருக்கு எதையும் அளக்க முடியாது, கூட இருப்பவர்களுக்கும் எரிச்சல். முடிந்ததும் முழு பேண்டாக ஒரு பாட்டின் கோரஸை மட்டும் வாசியுங்கள். அதிகச் சத்தம் அங்கேதான் வரும்.

மானிட்டரில், அதாவது உங்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரில், என்ன கேட்க வேண்டும்? எனக்கு மூன்று போதும்: என் கிக், பேஸ், பாடகர் குரல். கிட்டார் எப்படியும் வந்து சேரும். திறந்தவெளியில் மானிட்டர் ஆடம்பரம் இல்லை, அவசியம். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஆம்ப் உங்கள் காதுக்கு வர சுமார் 30 மில்லி செகண்ட் ஆகிறது. அதையாவது சமாளிக்கலாம். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சுவரோ கேலரியோ இருந்தால், உங்கள் ஸ்னேரே அதில் மோதித் திரும்பி வர கால் நொடிக்கு மேல் ஆகும். அந்த எதிரொலியைக் கேட்டு வாசிக்க ஆரம்பித்தால் பாட்டு இழுபடும். ரசிகர்களின் கைதட்டலும் அப்படித்தான். முப்பது மீட்டர் தள்ளி இருப்பவர் நீங்கள் அடித்ததைத் தாமதமாகக் கேட்டு, அதற்குத் தட்டி, அது உங்களிடம் திரும்புவதற்குள் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டில் மூன்றில் ஒரு பங்கு தாளம் போய்விட்டது. கைதட்டலை ரசியுங்கள், அதோடு சேர்ந்து வாசிக்காதீர்கள்.

கவுண்ட்டும் வேகமும்

என்னைக் கேட்டால் மேடை டிரம்மரின் பாதித் திறமை பாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் அந்த நான்கு தட்டில் இருக்கிறது. கிட்டார்காரர் டியூன் பண்ணி முடித்துவிட்டுத் தலையாட்டுகிறார், பாடகர் ஏதோ பேசி முடிக்கிறார், கூட்டம் கத்துகிறது. உங்கள் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பின் வேகத்தில் நான்கு எண்ணினால் பாட்டு வழக்கத்தை விட ஓடும். பாடகர் மூச்சு விட இடம் தேடுவார். பாவம், அவரால் திரும்பிப் பார்த்து மெதுவாகப் போ என்று சொல்லவும் முடியாது.

இதற்கு நான் செய்வது இது. எண்ணுவதற்கு முன் கோரஸின் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்ப்பேன். பாட்டின் தொடக்கத்தைப் பாடக் கூடாது. தொடக்கம் எந்த வேகத்திலும் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கோரஸ் அப்படி ஏமாற்றாது. வார்த்தைகள் வாயில் அடங்கும் வேகம் ஒன்றே ஒன்றுதான். பாடும்போதே ஹை-ஹேட் காலைத் தரையில் தட்டுவேன். அந்தக் கால் நிலைத்த பிறகுதான் ஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்குவேன். பக்கத்தில் போனில் வேகத்தைக் காட்டும் மெட்ரோனோமைச் சத்தமில்லாமல் விளக்கு மட்டும் மினுங்கும்படி வைத்திருப்பேன். அதைப் பார்த்து ஒத்துக்கொண்டால் போதும். பாட்டு ஆரம்பித்த பிறகு அதைப் பார்ப்பதில்லை. பாட்டுக்குள் பார்க்க வேண்டியது மனிதர்களை.

பயிற்சிக்கு ஒரு வழி: வீட்டு மாடிப்படியை இரண்டு தடவை ஓடி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து, மெட்ரோனோம் இல்லாமல் கவுண்ட் கொடுத்து எட்டு பார் (ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு) வாசித்து ரெக்கார்டு பண்ணுங்கள். அப்புறம் உண்மையான வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடையில் உங்கள் உடம்பு எவ்வளவு தள்ளும் என்று எண்ணிலேயே தெரிந்துவிடும். ஒரு மாதம் செய்தால் அந்த எண் குறைவதைப் பார்க்கலாம்.

மெதுவான பாட்டுக்கு நான்கு தட்டு போதாது. தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதால் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். மூடிய ஹை-ஹேட்டில் இரண்டு பார் எட்டாம் நோட்டாக, அதாவது ஒரு தட்டுக்கு இரண்டு அடியாக, வாசித்துக் காட்டுங்கள். கிட்டார் தனியாக ஆரம்பிக்கும் பாட்டிலும் அவருக்கு மட்டும் கேட்கும்படி ஹை-ஹேட் கொடுங்கள். தனியாக விட்டால் அவர் தன் படபடப்பு வேகத்தில் ஆரம்பிப்பார், நீங்கள் நுழையும்போது அதுதான் பாட்டின் வேகமாகிவிடும்.

செட் லிஸ்ட்டைப் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதி ஹை-ஹேட்டுக்கு இடதுபக்கம் தரையில் ஒட்டுங்கள். பாட்டின் பெயர் மட்டும் போதாது. பக்கத்தில் வேகம், யார் ஆரம்பிக்கிறார், எப்படி முடிகிறது என்று மூன்று விஷயம். என்னுடையதில் “92, கிட்டார் தனி, என் கை பார்த்து நிறுத்தம்” என்கிற மாதிரி இருக்கும். முடிவுகளில் கடைசி கிராஷை எல்லோரும் இழுத்துக்கொண்டே இருக்கும்போது, நிறுத்தப்போவது நீங்கள்தான். ஸ்டிக்கை உயரத் தூக்கி ஒரு கணம் அப்படியே வைத்திருங்கள். மூன்று பேரின் கண்ணும் வந்து சேர்ந்த பிறகு இறக்குங்கள்.

ஒவ்வொரு பேண்டிலும் வேறு வேலை

மூன்று பேர் பேண்டில் கிட்டார்காரர் சோலோவுக்குப் போனதும் கீழே பள்ளம் விழும். ரிதம் கிட்டார் கிடையாது. பள்ளத்தை ஃபில்லால் (ரிதத்தை விட்டு விலகி வாசிக்கும் சின்ன ஓட்டம்) நிரப்பத் தோன்றும். எங்கள் பேஸ் அண்ணன் அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னார்: “தம்பி, சோலோல நீயும் கூடச் சேந்து பாடாத. ஹை-ஹேட்டக் கொஞ்சம் திற, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.” பாதி திறந்த ஹை-ஹேட்டின் சலசலப்பு, ரிதம் கிட்டார் விட்டுப்போன இடத்தை நிறைய அடைத்துவிடும். அவர் பேஸில் இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டுவார். சோலோ நிம்மதியாக மேலே போகும்.

அவரோடு நான் செய்த இன்னொரு வேலையை எல்லா டிரம்மருக்கும் சொல்வேன். கிட்டாரும் பாட்டும் இல்லாமல் பேஸும் டிரம்ஸும் மட்டும் ஒவ்வொரு ஜாமுக்கும் முன்னால் அரை மணி உட்காருவோம். கிக் விழும் இடத்தில் பேஸ் ஆரம்பிக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். பேஸ் எங்கே முடிகிறது என்று நாங்கள் பார்த்தோம். ஸ்னேர் விழும் கணத்தில் பேஸ் நோட்டை அவர் கையால் அமுக்கி நிறுத்துவார். அந்தச் சிறு மௌனத்தில் ஸ்னேர் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும், நான் கூடுதல் பலம் போடாமலே. முயன்று பாருங்கள், முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

ஓட்டல் பேண்டில் பிரச்சினை நேர்மாறு. பத்தடி தள்ளி ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் கிக்கையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள், பாட்டு உயிரில்லாமல் போகிறது. காதைக் குத்துவது சிம்பல்தான். சிம்பலை மட்டும் பாதியாக்குங்கள், கிக்கை விட்டுவிடுங்கள். சிறிய மேடையில் பாடகரின் மைக் உங்கள் கிராஷுக்கு நேர் எதிரே இருக்கும், நீங்கள் அடிப்பதெல்லாம் அதன் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராடு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மறைந்த ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் வாசித்த வீடியோக்களைப் பார்த்தால், ஸ்னேர் விழும்போது வலது கையை ஹை-ஹேட்டிலிருந்து தூக்கிவிடுவார். சத்தம் குறைந்த இடங்களில் நான் அதைப் பின்பற்றினேன். ஸ்னேர் தனியாக நிற்பதால் மெதுவாக அடித்தாலும் எடுப்பாகக் கேட்கும்.

தமிழ்ப் பாட்டு பேண்டுக்கு வந்தபோது கை போகும் இடங்களையே மாற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாட்டில் நான்காவது தாளத்தில் ஃபில் போட்டு ஒன்றில் கிராஷோடு இறங்குவது கைக்குப் பழக்கமாகியிருக்கும். எங்கள் பாடகர் எழுதிய வரிகளில் எடுப்பு ஒன்றில் விழாமல் தள்ளித் தள்ளி விழும். சில வரி ஒன்றுக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். அங்கே ஃபில் போட்டால் முதல் சொல்லே காணாமல் போகும். நாங்கள் கண்டுபிடித்த இடம் வரியின் கடைசி நெடில். பாடகர் அந்த ஆவையோ ஏவையோ இழுத்துப் பிடிக்கும்போது சொல் ஏற்கெனவே கேட்பவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் அடியில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம். பாட்டு வரிகளை டிரம்மரும் மனப்பாடம் பண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆறு-எட்டு தாளத்தில் பாட்டு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: நம் ஊர்க் கூட்டத்துக்கு அது ரத்தத்தில் இருக்கிறது, உடனே ஆட ஆரம்பித்துவிடும். ஆட்டம் சூடாகச் சூடாக உங்களையும் இழுக்கும். அங்கே பேஸ்காரரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

கரண்ட் போனால்

கரண்ட் போகும். ஜெனரேட்டர் மாறுவதற்குள் ஆம்ப், மைக், விளக்கு எல்லாம் அணையும். மேடையில் கரண்ட் இல்லாமல் சத்தம் வருவது உங்களிடமிருந்து மட்டும்தான். நிறுத்தாதீர்கள். ஒரு கல்லூரி விழாவில் இரண்டாவது வெர்ஸில் இப்படி ஆனது. நான் அதே ரிதத்தை ஃபில் எதுவும் இல்லாமல் தொடர்ந்தேன். எங்கள் பாடகர் இருட்டில் மேடை நுனிக்குப் போய்க் கைதட்டிக் காட்டினார். கூட்டம் போன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தது. ஜெனரேட்டர் வந்ததும் உடனே பாட்டுக்குள் பாயக் கூடாது. கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெடல் போர்டு உயிர் பெறச் சில நொடி ஆகும். கிட்டார்காரர் தலையாட்டும் வரை காத்திருந்து, சத்தமாக நான்கு கொடுத்து, நேராகக் கோரஸுக்குப் போங்கள். கோரஸ் எல்லோருக்கும் தெரியும், விட்ட இடத்தைத் தேட வேண்டியதில்லை.

ஷோ தாமதமாக ஆரம்பிப்பதும் சகஜம். ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டி இரண்டு பாட்டுதான் என்பார். எந்த இரண்டு என்று மேடையில் விவாதிக்காமல் இருக்க, செட் லிஸ்ட்டில் வெட்டக்கூடிய பாட்டுகளை முதலிலேயே கோடிட்டு வையுங்கள்.

காதும் உடம்பும்

காதுக்கு அடைப்பான் போடுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். ராக் டிரம்ஸ் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மருந்துக் கடை ஃபோம் அடைப்பான் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், இரண்டு ஜாமில் பழகிவிடும். பழகாத காதோடு நேராக மேடைக்குப் போட்டுப் போகாதீர்கள்.

ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பிரியாணி ஷோவுக்கு அப்புறம். மே மாத மாலையில் இளநீரோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள். மின்விசிறி ஒன்று முதுகுப் பக்கமிருந்து வரட்டும். முன்னாலிருந்து வந்தால் மைக்கில் காற்று இரையும். ஸ்டிக் வழுக்காமலிருக்க ஒரு துண்டு.

இறங்கிய பிறகு

வாசித்து முடித்த வேகத்தில் கட்டிப்பிடித்து போட்டோ எடுக்கத் தோன்றும். முதலில் சிம்பலைக் கழற்றி, துடைத்து, பையில் போடுங்கள், டப்பாவை எண்ணிப் பாருங்கள். அடுத்த பேண்டின் டிரம்மர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். த்ரோன் எப்படி ஆடுகிறது, எந்த லக் தளர்கிறது, மானிட்டரில் என்ன கேட்கவில்லை என்று அவருக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். கயிறு வேண்டுமா என்றும் கேளுங்கள்.

யாராவது ஒருவர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து போனில் முழு ஷோவையும் ரெக்கார்டு பண்ணட்டும். அன்றைக்கு இரவே கேட்காதீர்கள். காதும் மனமும் அடங்கியிருக்காது. மறுநாள் பேஸ்காரரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டின் முதல் எட்டு பாரையும் கடைசி எட்டு பாரையும் மட்டும் மெட்ரோனோமில் தட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வேகம் எங்கே மாறியது என்று தேடினால், பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபில்லில் போய் நிற்கும். அடுத்த ஜாமில் அந்த ஃபில்லை எடுத்துவிட்டு, சும்மா ரிதத்தோடு அந்த இடத்தைக் கடந்து வாசித்துப் பாருங்கள்.